பூனாப் போடியார்

கரடியனாற்றில் கோழி மைதானத்துக்குள் இறங்கினால் யாரும் செய்தி எழுதுவதில்லை. பொடியன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். பேட்டுக்கோழி குஞ்சுகளோடு நடுவாலே போகும். கோல் காக்கிறவன் ஒரு காலைத் தூக்கி வழிவிடுவான். ஆட்டம் நடந்துகொண்டேயிருக்கும்.

இங்கிலாந்தில் ஒரு கோழி இறங்கியபோது உலகமே பார்த்தது. 2012 மே 7, திங்கட்கிழமை இரவு, கொட்டுகிற மழை. பிளக்பேர்ன் நகரத்து இவுட் பார்க் மைதானத்தில் பிளக்பேர்ன் ரோவர்ஸ் கழகம் விகன் அத்லெட்டிக்கோடு ஆடிக்கொண்டிருந்தது. தோற்றால் முதற்பிரிவில் இடமில்லை. கழகக் கொடியைச் சால்வை மாதிரிக் கட்டிவிட்ட ஒரு கோழியை இரசிகர்கள் உள்ளே விட்டார்கள். கோழி நனைந்துகொண்டு புல்லில் நடந்தது. 87ஆவது நிமிடத்தில் விகன் ஒரு கோல் போட்டது. 11 வருட பிரிமியர் லீக் வாழ்வு அத்தோடு சரி. பருவம் முடிந்தபோது 38 ஆட்டம், 31 புள்ளி, 20 கழகங்களில் 19ஆம் இடம்.

இந்தப் பழைய ஒளிப்பதிவைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் வைத்து எனக்குக் காட்டியவன் என் மருமகன். மன்செஸ்டர் யுனைட்டட் சட்டை போட்டிருந்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"கோழிய ஏன் மாமா விட்டவங்க?"

"கழகத்துர முதலாளி கோழிக்காரர். புனேயில கோழிப்பண்ணை."

சிரிப்பு நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இந்தியாவா? அப்ப நம்மட ஆக்கள் வெள்ளக்காரன்ட கழகத்தையே வாங்கிப்போட்டாங்க எண்டு சொல்லுங்க!"

அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதுவது அதனால்தான்.

மட்டக்களப்புக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் வயற்காணிச் சொந்தக்காரரைப் போடியார் என்போம். வட்டையில், அதாவது வயல்வெளியில், நின்று வெள்ளாமை பார்க்கிறவன் முல்லைக்காரன். போடியார் ஊரில், கல்வீட்டில், சாய்மனைக் கதிரையில் இருப்பார். சேற்றில் நிற்பது முல்லைக்காரன். ஆனால் எவ்வளவு பெரிய போடியாரானாலும் விதைப்புக்கு ஒருதரம், சூடு மிதிப்புக்கு ஒருதரம் வட்டைக்கு வந்து வாடியில் ஒரு இராத்திரியாவது படுப்பார். நெல்லுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாத போடியாரை எங்கள் ஊர் மதித்ததில்லை. முகத்துக்கு முன்னால் மதித்திருக்கலாம். கூத்துக் களரியில் மதித்ததில்லை.

பூனாப் போடியார் கதைக்கு வருவோம். புனேயிலுள்ள வெங்கடேஸ்வரா ஹச்சரீஸ் 1971இல் பி.வி.ராவ் தொடங்கிய நிறுவனம். கோழிக்குஞ்சு, தீவனம், கோழிமருந்து, பொரித்த கோழி என்று வளர்ந்து இந்தியாவின் மிகப் பெரிய கோழி வியாபாரங்களில் ஒன்றாகிவிட்டது. கோழி விசயத்தில் அந்தக் குடும்பத்துக்குப் பாடம் சொல்ல நான் ஆளில்லை. அவருடைய பிள்ளைகள் அனுராதா தேசாயும் வெங்கடேஷ் ராவும் பாலாஜி ராவும் 2010 நவம்பர் 19ஆம் திகதி பிளக்பேர்ன் ரோவர்ஸை 2 கோடி 30 இலட்சம் பவுணுக்கு வாங்கினார்கள். கழகத்தின் கடனும் கூடவே வந்தது.

வாங்கிய பொருள் என்ன? 1875இல் பிறந்த கழகம். 1888இல் இங்கிலாந்தின் முதலாவது லீக்கைத் தொடங்கிய 12 கழகங்களில் ஒன்று. 1995இல் பிரிமியர் லீக் சம்பியன். அதற்கும் முன்னால், 1883இல், அதே நகரத்து வேறொரு கழகமான பிளக்பேர்ன் ஒலிம்பிக், ஈட்டன் கல்லூரிப் பழைய மாணவ கனவான்களை இறுதியாட்டத்தில் 2-1 என்று வீழ்த்தி எப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியது. அந்த அணியில் ஆடியவர்கள் நெசவாளி, நூற்பாலைத் தொழிலாளி, குழாய் பொருத்துகிறவன். துரைமாரின் விளையாட்டு வேலைக்காரனின் விளையாட்டானது அந்த ஊரில்தான்.

இதையெல்லாம் விற்பனைப் பத்திரத்தில் எழுதமாட்டார்கள். நிறைகுடம், பாய், விளக்கு எல்லாம் சேர்த்துத்தான் வீடு விற்கப்படும். அந்த வீட்டில் செத்தவர்களைப் பற்றி ஒரு வரி இராது.

வாங்கி 24ஆம் நாள் பயிற்றுநர் சாம் அலர்டைசைத் துரத்தினார்கள். அணி அப்போது 13ஆம் இடத்தில் இருந்தது. அழகான ஆட்டமில்லைதான், ஆனால் கரையேறத் தெரிந்த ஆட்டம். அந்தக் கதிரையில் ஸ்டீவ் கீன் என்ற உதவியாளரை இருத்தினார்கள். அவர் அதற்கு முன் எந்தக் கழகத்துக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்ததில்லை. வெள்ளாமை பொதி கட்டும் நேரத்தில் முல்லைக்காரனை மாற்றிய போடியாரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் இப்போதுதான் கண்டேன்.

பிறகு வாய் திறந்தார்கள். ரொனால்டினோ வருவார் என்றார்கள். பிரேசில்காரர் பிரேசிலுக்கே, பிளமெங்கோவுக்குப் போய்விட்டார். தலைவர் ஜோன் வில்லியம்ஸ் 2011 பெப்ரவரியில் விலகினார். கழகத்தை வருடக்கணக்காகக் கொண்டுநடத்திய மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் கடைசி நாளில் வுல்வ்ஸை 3-2 என்று வென்று மயிரிழையில் தப்பியது. தப்பியவன் கும்பிடு போட்டு வேலியைக் கட்டவேண்டும். இவர்கள் அந்தக் கோடையிலேயே பில் ஜோன்ஸ் என்ற இளம் தடுப்பாட்டக்காரனை மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு விற்றார்கள். அடுத்த குளிரில் இன்னொரு தூண், கிறிஸ்டோபர் சம்பா, ரஷ்யாவுக்குப் போனார். முன்னாள் அணித்தலைவர் ரயன் நெல்சனையும் விட்டுவிட்டார்கள். கூரையைத் தாங்கிய மூன்று மரத்தையும் பிடுங்கிவிட்டு வீடு ஏன் சரிகிறது என்று கேட்கிறவரை என்ன சொல்லி அழைப்பது? எங்கள் பாஷையில் சொல் இருக்கிறது. அச்சில் ஏறாது.

இடையில் ஒரு விளம்பரம் வந்தது. உடைமாற்றும் அறையில் பிளக்பேர்ன் வீரர்கள் வட்டமாக இருந்து முதலாளியின் கோழிக்காலைக் கடிக்கிறார்கள். பட்டியலில் அடிமட்டத்தில் கிடக்கிற அணி, கமராவைப் பார்த்து மென்றுகொண்டிருக்கிறது. அந்த ஒக்டோபரில், பருவத்தின் நடுவில், அணியைப் புனேக்கே கூட்டிப்போய் ஒரு சிநேகபூர்வ ஆட்டமும் ஆடவைத்தார்கள். கலியாண வீட்டில் மாப்பிள்ளையை ஊர்வலம் கொண்டுபோவதுபோல. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

2012 பெப்ரவரியில் ஆர்சனல் 7-1 என்று உரித்தது. இந்த அணியா 2011 டிசம்பர் 31ஆம் திகதி, அலெக்ஸ் பெர்குசனின் 70ஆவது பிறந்தநாளில், ஓல்ட் டிராபர்டிலேயே மன்செஸ்டர் யுனைட்டட்டை 3-2 என்று வென்றது? இதே அணிதான். அதனால்தான் வயிறு எரிகிறது. யாகுபு என்ற நைஜீரியாக்காரர் அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 17 கோல் போட்டார். உழுகிற மாடு இருந்தது. உழுவிக்கத்தான் ஆளில்லை.

இரசிகர்கள் என்ன செய்தார்கள்? கீனைத் திட்டினார்கள். வாரம் வாரம், மழையில் நின்று, தொண்டை கிழியக் "கீனே வெளியே போ" என்று கத்தினார்கள். அவரும் 2012 செப்டெம்பரில் போனார். அடுத்து வந்த ஹென்னிங் பேர்க் 57 நாள். அதற்கடுத்த மைக்கல் அப்பிள்டன் 67 நாள். எங்கள் வட்டையில் மூன்று மாத நெல்லுக்கே 90 நாள் கொடுக்கிறோம். இவர்கள் பயிற்றுநரை நாற்றுமேடையிலேயே பிடுங்கினார்கள். போடியாரை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. பிடுங்க வழியில்லை. உதைபந்துக் கழகத்தில் வீரனை விற்கலாம், பயிற்றுநரைத் துரத்தலாம், இரசிகனை நுழைவுச்சீட்டில்லாமல் வெளியே நிறுத்தலாம். முதலாளியை அசைப்பதற்கு இரசிகன் கையில் ஒரு விதிகூட இருக்கவில்லை.

உரிமையாளருக்கும் ஒரு பரீட்சை இருக்கிறதாம். வங்குரோத்தானவரா, குற்றவாளியா என்று பார்ப்பார்களாம். கோழிக்கு வைரஸ் பிடித்தால் என்ன மருந்து என்றோ, பந்து ஓஃப்சைட் ஆவது எப்போது என்றோ கேட்பதில்லை. ஓட்டோ ஓட்டுவதற்கு எங்களிடம் கேட்கிற கேள்வியில் கால்வாசிகூட இல்லை. யேர்மனியில் வேறு ஏற்பாடு: கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்குமேல் உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு ஒரு கண்காணிப்பு அமைப்பு வேண்டும் என்று சட்டம் போட 2025 வரை பிடித்தது. கோழி நனைந்து 13 வருடம்.

நியாயமும் சொல்லவேண்டும். ராவ் குடும்பம் காசு போடவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. வருடாவருடம் நட்டம், வருடாவருடம் கொட்டினார்கள். 2017இல் கழகம் மூன்றாம் பிரிவுக்கே விழுந்தபோதும் கைவிட்டு ஓடவில்லை. பிரிமியர் லீக் கிண்ணம் தூக்கிய ஒரு கழகம் அவ்வளவு கீழே போனது அதுதான் முதல்தடவை. அடுத்த வருடமே ஒரு படி ஏறியும் விட்டார்கள். அவர்களுக்கு முன் இருந்த ஜக் வோக்கரும் உருக்கு வியாபாரத்துக் காசைக் கொட்டித்தான் 1995 கிண்ணத்தை வாங்கினார். வரிக்குப் பயந்து ஜேர்சித் தீவில் குடியிருந்த மனிதர்தான் அவரும். ஆனாலும் அவர் பிளக்பேர்னில் பிறந்தவர். அந்தக் கழகத்தைச் சின்ன வயதிலிருந்தே நேசித்தவர். போடியார் விதைநெல் கொடுத்தார், உரத்துக்குக் காசு கொடுத்தார், சரி. எந்த மழைக்கு விதைக்கவேண்டும் என்று காசுக்குத் தெரியுமா?

இனி அந்த "நம்மட ஆக்கள்".

பிளக்பேர்ன் தறிகளில் ஒருகாலம் நெய்தது இந்தியாவுக்கு அனுப்பும் வேட்டி. அந்த வேட்டி மலிவாக வந்து இறங்கி இந்தியாவில் எத்தனை தறிகளை நிறுத்தியது என்பது பள்ளிக்கூடப் பாடம். 1931 செப்டெம்பரில் காந்தி வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் வந்தபோது, பிளக்பேர்னுக்கு ஒட்டிக் கிடக்கும் டார்வின் ஊருக்குப் போனார். அவர் சொன்ன பகிஷ்கரிப்பினாலும் வேலை போன ஆலைத் தொழிலாளர்கள் ஊர் அது. கல்லெறியவேண்டிய சனம். அவரைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்தார்கள். அவர்களுடைய துணியை வாங்காதே என்று சொன்னவன், வேலை இழந்தவனின் வாசலுக்கே வந்து நின்று அதன் காரணத்தைச் சொன்னான் என்பதற்காக.

79 வருடம் கழித்து இந்தியாவிலிருந்து அடுத்தவர் வந்தார். இவர் வாசலில் நிற்கவில்லை. வாசலோடு வாங்கினார். அந்த நெசவாளிகளின் பேரப்பிள்ளைகள் இவுட் பார்க்கில் மழையில் நின்று கத்தியது அவர் காதில் விழவில்லை. புனே தூரம். இதைப் பழிவாங்கல் என்று சில பேர் மார்தட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பனிக்குப் பதிலடியாம். அடேயப்பா! கம்பனி செய்தது என்ன? தெரியாத ஊரை, பாராமல், பத்திரத்தில் வாங்கி, அங்கே நிற்கிறவனைக் கேளாமல் நடத்தியது. அதையே திருப்பிச் செய்தால் அடிக்குப் பதிலடியா, அல்லது நல்ல மாணவனா?

மருமகனிடம் அவன் போட்டிருந்த சட்டையைப் பற்றியும் சொன்னேன். மன்செஸ்டர் யுனைட்டட்டை 2005இல் கிளேசர் குடும்பம் வாங்கியது கடனில். அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டினார்கள். பால் தரும் மாட்டையே ஈடாகக் காட்டிக் கடன் எடுத்து, அந்தக் காசில் அதே மாட்டை வாங்கி, வட்டியைப் பாலில் கறப்பது. எங்கள் பட்டிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரித்துச் செத்துப்போவார்கள். அவன் குனிந்து நெஞ்சிலிருந்த சின்னத்தைப் பார்த்தான். பாவம், செங்கலடியில் வாங்கிய சட்டை. அதில் கடன் எதுவும் இல்லை.

"சரி மாமா, அதெல்லாம் அங்க. நமக்கென்ன?"

நமக்கென்னவா? 2010ஐ ஒருதரம் நினைத்துப் பார். அந்தக் கழகம் கைமாற இரண்டு மாதம் இருக்க, செப்டெம்பர் 17ஆம் திகதி, இந்த ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் வெடிமருந்துக் கொள்கலன்கள் வெடித்தன. வீதி போடுவதற்குக் கல்லுடைக்கச் சீன நிறுவனம் கொண்டுவந்த வெடிமருந்து. பொலிஸ் நிலையம் இருந்த இடத்தில் குழி இருந்தது. 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், சீனக்காரர் இருவர் உட்பட. வீதித் திட்டம் போட்டவர்கள் எங்கே இருந்தார்கள்? கொழும்பில். ஒப்பந்தம் எடுத்தவர்கள்? அதைவிடத் தூரத்தில். சனம் போய்வருகிற பொலிஸ் வளவில் அந்தச் சாமானை வைக்கலாமா என்று கரடியனாற்றில் யாரையாவது கேட்டார்களா? முதலாளிக்கு வரைபடம் போதும். வரைபடத்தில் மனிதர் தெரிவதில்லை.

உதைபந்தாட்டத்துக்கே வா. எங்கள் நாட்டுக்கும் ஒரு சம்மேளனம் இருக்கிறது. அதன் மேல்கதிரையில் இருந்த மணிலால் பெர்னாண்டோவுக்கு 2013இல் பீபா ஆயுட்காலத் தடை போட்டது. தேர்தல், நீதிமன்றம், அமைச்சு என்று கதிரைக்காக ஆடிய ஆட்டத்தில் 2023 ஜனவரியில் பீபா நாட்டையே தடை செய்தது. மூன்றாம் தரப்புத் தலையீடாம். ஓகஸ்டில்தான் தடையை எடுத்தார்கள். தரவரிசையில் 200ஐத் தாண்டிக் கிடந்த நாடு, ஆடாமலே இன்னும் ஏழெட்டு மாதம் கிடந்தது. கரடியனாற்றுப் பொடியன்களுக்குத் தடை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தடை செய்வதற்கு அவர்களிடம் என்ன இருந்தது? ஒரு பந்து. அதுவும் காற்றுப் போனது.

எங்களுக்கும் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தார்தான். அமெரிக்க யேசு சபைத் துறவி வெபர். மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கினார். நகரத்து மைதானம் இன்றைக்கும் அவர் பெயரில் இருக்கிறது. அவர் எதையும் வாங்கவில்லை. வந்தார், வெயிலில் நின்றார், வயசாகிப்போனார். கரடியனாற்றுக்கு அப்படி ஒருவரும் வரவில்லை என்பது வேறு கதை. நகரத்துக்கே எல்லாம் போகும். எங்களுக்குத் தூசி வரும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பட்டிக்காரர் வந்தார். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கான்கள், வெறும் கான்களாகச் சத்தம் போட்டன. மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மாடு விட்டிருப்பவர். பாட்டன் காலத்திலிருந்து மாடு மேய்ந்த தரை. இப்போது கேட்டால் அது மகாவலி அதிகாரசபையின் காணி என்கிறார்கள். வெளி மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து உழுகிறார்கள், மாடுகள் வெட்டும் சூடும் பட்டுச் சாகின்றன. 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் கொட்டில் போட்டுக் குந்தியவர்களில் இவரும் ஒருவர். நாள் எண்ணினார்கள். நூறு கடந்தது, இருநூறு கடந்தது, அதற்குப் பிறகும் எண்ணினார்கள். அமைச்சர்மார் வந்தார்கள், படம் எடுத்தார்கள், கொழும்பில் போய் முடிவு சொல்வதாகச் சொன்னார்கள்.

பிளேன்ரீயைக் கையில் வாங்கிக்கொண்டு மருமகனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். போனில் இவுட் பார்க். வெள்ளை விளக்கு, மழை, கோழி, கண்ணுக்கெட்டிய வரை பச்சை.

"தம்பி, நல்ல புல்லுக் கிடக்கே மகன். ஆர்ர தரை?"

"அது இங்கிலாந்து பெரியப்பா. பந்தடிக்கிற இடம்."

"பந்தடிக்கிறவங்கட தரையா?"

"இல்ல. புனேயில ஒரு முதலாளிட."

"அவர் அங்க வாறவரா?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"வாறது குறைவு பெரியப்பா."

அவர் தேத்தண்ணியை ஒரு முடக்கு உறிஞ்சினார். கோழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"அங்கயும் மகாவலி வந்திட்டுதா?"